நூல் என்னும் சொல்

பல பொருள் தரும் சொல்லைப் ‘பலபொருள் ஒருசொல்’ என்பர். ‘நூல்’ அத்தகையது. 1936ஆம் ஆண்டு பி. ஏ. சி. இராமசாமி ராஜா இராசபாளையத்தில் நிறுவிய ஆலையில் பஞ்சு நூலாகிறது. அண்மையிலுள்ள திருவில்லிபுத்தூரிலோ, ஆண்டாள் பாடிய 30 பாசுரங்கள் திருப்பாவை என்னும் நூலாயின. ஆடைக்குரிய இழையும் அறிவுக்குரிய ஏடும் ஒரே பெயர் பெற்றது ஏன்?

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் இதனை நயம்பட விளக்குகிறார். சொல்லே பஞ்சு, செய்யுளே இழை, புலவனே நூற்கும் மங்கை, வாயே அவள் கை, அறிவே நூற்கும் கதிர்.

தச்சர் மரத்தின்மேல் நூலடித்து அதன் கோணலைப் போக்குவர். அதுபோல, ஏட்டு நூல் மனத்தின் கோணலைப் போக்கும் என்றும் அவர் கூறுகிறார். ஆதலின், பல நூல் பயின்றும் மனம் நேராகாதவன் நூலின் பொருளை அறிந்தவன் ஆகான்.