வருமானமில்லா மாணவருக்குக் கடன் அட்டை: மேற்கு வங்கத்தின் உத்தரவாதமும் வங்கிகளின் தயக்கமும்

ஹவுரா: கடன் அட்டை கேட்டு வரும் எவரிடமும் வங்கிகள் எழுப்பும் முதல் கேள்வி மாத வருமானம் எவ்வளவு என்பதுதான். மாணவர்களிடம் அதற்குப் பதில் இல்லை. வைப்புத்தொகையை ஈடாக வைத்தோ, பெற்றோரின் கணக்கில் துணை அட்டையாகவோ மட்டுமே அவர்களுக்குப் பொதுவாக அட்டை கிடைக்கும். துணை அட்டையிலும் கடனுக்குப் பொறுப்பாளி முதன்மை அட்டைதாரரே. வைப்புத்தொகையும் இல்லாத, சம்பளச் சீட்டு காட்ட இயலாத குடும்பத்துப் பிள்ளைக்கு யார் பிணை நிற்பது என்ற கேள்விக்கு, மாநில அரசே நிற்கும் என்று 2021-இல் விடையளித்தது மேற்கு வங்கம்.

அந்த ஆண்டு சட்டப்பேரவைத் தேர்தலில் திரிணமூல் காங்கிரஸ் அளித்த முக்கிய வாக்குறுதிகளில் ஒன்று மாணவர் கடன் அட்டை. மே மாதம் மூன்றாவது முறையாக முதல்வர் பொறுப்பேற்ற மம்தா பானர்ஜி, ஜூன் 30-ஆம் தேதி இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கொல்கத்தாவின் ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து 2013-இல் தலைமைச் செயலகம் ஹவுராவின் "நபான்ன' கட்டடத்துக்கு மாற்றப்பட்டிருந்ததால், திட்டம் உருவானதும் ஹவுராவில்தான்.

அட்டை அல்ல, கடன்: பெயரில் அட்டை இருந்தாலும், கடைகளில் தேய்த்துப் பொருள் வாங்கும் வழக்கமான கடன் அட்டை அல்ல இது. பல வங்கிகளின் கடன் அட்டை நிலுவைக்கு மாதம் 3 சதவீதத்துக்கும் மேல் வட்டி விதிக்கப்படுகிறது. இத்திட்டத்திலோ ஆண்டுக்கு 4 சதவீதத் தனிவட்டியில் ரூ.10 லட்சம் வரை கல்விக் கடன் வழங்க வகை செய்யப்பட்டது. சொத்து ஈடு தேவையில்லை. திருப்பிச் செலுத்த 15 ஆண்டுகள் அவகாசம். படிக்கும் காலத்திலேயே வட்டியை முழுமையாகச் செலுத்துவோருக்கு மேலும் 1 சதவீதச் சலுகை உண்டு.

மாநிலத்தில் 10 ஆண்டுகள் வசித்த, 40 வயதுக்கு உள்பட்டோர் விண்ணப்பிக்கலாம் என்று விதிக்கப்பட்டது. பத்தாம் வகுப்பு முதல் முனைவர் பட்டம் வரையிலும், போட்டித் தேர்வுப் பயிற்சிக்கும், வெளிநாட்டுப் படிப்புக்கும் கடன் பெறலாம். கல்விக் கட்டணம் மட்டுமன்றி விடுதிச் செலவு, புத்தகம், மடிக்கணினி ஆகியவற்றுக்கும் இதைப் பயன்படுத்தலாம்.

ரூ.10 லட்சம் கடனுக்கு 10 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு ரூ.1 லட்சம், 4 சதவீதம் என்றால் ரூ.40 ஆயிரம். இடைப்பட்ட சுமையை மாநில அரசின் வட்டி மானியம் ஏற்க வேண்டும்.

லேத் பட்டறைகளும் வார்ப்பாலைகளும் நிறைந்த ஹவுரா போன்ற நகரத்துக்கு இந்த ஏற்பாட்டின் தேவை எளிதில் புரியும். 1856-இல் தொடங்கப்பட்ட பழம்பெரும் பொறியியல் கல்லூரியான சிப்பூர் கல்லூரி இந்நகரில்தான் உள்ளது. ஆனால், பட்டறைத் தொழிலாளியின் கூலிக்கு ரசீதும் இல்லை, வருமான வரிக் கணக்கும் இல்லை. அத்தகைய குடும்பத்தின் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் வங்கியில் இடம் கிடைப்பதில்லை.

வங்கிகளின் தயக்கம்: அரசின் உத்தரவாதம் இருந்தும் விண்ணப்பங்கள் அனைத்தும் கடனாக மாறவில்லை. வங்கிகள் ஒத்துழைக்க மறுப்பதாக ஆளும் தரப்பும், அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடைவெளி இருப்பதாக எதிர்க்கட்சிகளும் குறைகூறின.

இதன் வேர் அதிகாரப் பகிர்வில் உள்ளது. பொதுத்துறை வங்கிகள் மத்திய அரசுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் கட்டுப்பட்டவை. மாநில அரசு அவற்றை வேண்டலாம், ஆணையிட முடியாது. வாராக்கடன் பெருகினால் பதில் சொல்ல வேண்டியவர் கிளை மேலாளர். அரசின் உத்தரவாதம் கடனுக்குப் பின்புலமாக நிற்கலாமே தவிர, அவரது அச்சத்தைப் போக்கிவிடாது.

பிகாரின் பாடம்: அண்டை மாநிலமான பிகார் இதே அனுபவத்தை முன்னரே பெற்றது. அங்கு 2016 அக்டோபர் 2-இல் ரூ.4 லட்சம் வரையிலான மாணவர் கடன் அட்டைத் திட்டத்தை நிதீஷ் குமார் அரசு தொடங்கியது. வங்கிகள் முனைப்புக் காட்டாததையடுத்து, 2018-இல் தனியாகக் கல்வி நிதிக் கழகத்தை நிறுவி அரசே நேரடியாகக் கடன் கொடுத்தது. 2025 செப்டம்பரில், சட்டப்பேரவைத் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன், இக்கடனுக்கு வட்டியே கிடையாது என்ற அறிவிப்பும் வெளியானது.

மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டமும் பிணையற்ற கடனுக்கு வகை செய்கிறது. ஆனால், தர வரிசையில் தேர்ந்த 860 கல்வி நிறுவனங்களைக் கணக்கில்கொண்டே அது தொடங்கப்பட்டது. சாதாரணக் கல்லூரியில் பயிலும் ஏழை மாணவர் அதன் வரம்புக்கு வெளியே நிற்கிறார். மாநிலங்கள் தனித் திட்டம் வகுக்க நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடனுக்குப் பிறகு: கல்விக் கடனின் சுமையைத் தமிழகம் நன்கறியும். 2021 தேர்தலில் கல்விக் கடன் தள்ளுபடி இங்கும் வாக்குறுதியானது. படிப்பு முடிந்து வேலை கிடைக்காத இளைஞருக்குக் கடன் தவணை மட்டுமல்ல, தவறிய தவணையால் கெட்டுப்போகும் கடன் தகுதிப் பதிவும் சுமையே. பிற்காலத்தில் வீட்டுக் கடன் கேட்டாலும் அப்பதிவு முன்னே வந்து நிற்கும்.

வருமானமில்லாத மாணவருக்கு அரசு பிணை நிற்பது வரவேற்கத்தக்கதே. ஆயினும், அக்கடனை அடைக்க வேண்டியது நாளைய வேலைவாய்ப்பு. அதற்கு எந்த அரசும் இன்னும் உத்தரவாதக் கையெழுத்து இடவில்லை.