கூண்டுக் கோழியும் ஐம்பது ரூபாயும்

காரைக்கால் கடைத்தெருவில் விற்கும் முட்டையில் பெரும்பகுதி இம்மண்ணில் இடப்பட்டதன்று. நாமக்கல் வட்டாரப் பண்ணைகளிலிருந்து லாரிகளில் ஏறி, அட்டைத் தட்டுகளில் அடுக்கப்பட்டு, நம் மளிகைக் கடைகளை வந்தடைகிறது. ஆகவே கோழி அடைபட்டிருக்கும் கூண்டு தமிழ்நாட்டில் உள்ளது. அதன் பயனை நுகரும் குடும்பமோ புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் இச்சிறு துண்டில் உள்ளது. நம் அதிகாரிகள் வாஞ்சூர் எல்லையைக் கடந்து சென்று ஒரு கூண்டையும் அளக்க இயலாது. ஆயினும் எல்லையின் இரு பக்கத்திலும் நடைமுறையிலுள்ள சட்டம் ஒன்றே. அச்சட்டம் கூண்டின் கம்பியை ஏன் எட்டவில்லை என்பதே இங்கு ஆராயத்தக்கது.

1952-ல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் கொண்டுவந்த தனி மசோதாவின் பயனாக, 1960-ல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அச்சட்டத்தின்படி மனிதனல்லாத எவ்வுயிரும் பிராணியாகும். நியாயமான அளவு அசைந்து நடமாட இடந்தராத கூண்டில் ஒரு பிராணியை அடைத்து வைப்பது 11-வது பிரிவின்படி குற்றமாகும்.

இனி, துணியை அளப்பது போலவே கூண்டையும் அளந்து பார்ப்போம். 18 அங்குல நீளமும் 15 அங்குல அகலமும் உள்ள கூண்டில் நான்கு கோழிகளை அடைப்பது பரவலான வழக்கம். பரப்பு 270 சதுர அங்குலம். கோழி ஒன்றுக்கு 67½ சதுர அங்குலம், அதாவது ஏறக்குறைய 435 சதுர சென்டிமீட்டர். நாம் மனு எழுதும் ஏ-4 தாளின் பரப்பு 624 சதுர சென்டிமீட்டர். அத்தாளில் பத்தில் ஏழு பங்கே கோழிக்குக் கிடைக்கும் இடம்! முட்டை உருண்டு வெளியே வரும்பொருட்டுத் தரை சரிவான கம்பி வலையாக இருக்கும். இறக்கை விரிக்க இடமில்லை, புழுதி குளிக்க மண்ணில்லை, முட்டையிட ஒதுக்கிடமுமில்லை. முட்டையிடத் தொடங்கும் பருவத்திலிருந்து ஓராண்டுக்கு மேல் அதன் வாழ்வு இதற்குள்ளேயே கழிகிறது. நெடுங்காட்டிலும் நிரவியிலும் கொல்லைப்புறத்தில் கோழி வளர்த்த பெண்மணிகளுக்கு, இதில் கோழி இழப்பது இன்னது என்று விளக்க வேண்டியதில்லை.

குற்றம் என்று எழுதப்பட்டிருந்தும் வழக்கு ஏன் வருவதில்லை? முதற்காரணம் தண்டனையின் சிறுமை. முதல் குற்றத்திற்கு அபராதம் ரூ. 10-க்குக் குறையாமல் ரூ. 50 வரை, பல்லாண்டுகளுக்கு முன் வகுத்த தொகை இன்றும் அவ்வாறே நிற்கிறது. அன்று அது ஒரு தொகை. இன்று பத்து முட்டை வாங்கவும் போதாது. 2014 மே 7-ல் நாகராஜா வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தண்டனையை உயர்த்திச் சட்டத்தைத் திருத்துமாறு நாடாளுமன்றத்தை எதிர்நோக்கியது. திருத்தம் வந்தபாடில்லை. இரண்டாவதாக, கூண்டுக் குற்றம் காவல் துறையினர் தாமாக நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றமன்று. நடுவரின் ஆணை பெற்றே புலன்விசாரணை நடத்தலாம். மூன்றாவதாக, குற்றம் நிகழ்ந்த மூன்று மாதத்திற்குள் வழக்குத் தொடர வேண்டும். 2001-ஆம் ஆண்டு விதிகள் மாவட்டந்தோறும் வதைத் தடுப்புச் சங்கம் அமைக்கப் பணிக்கின்றன. அச்சங்கம் பெயரளவில் நிற்கும் இடங்களில் புகார் எழுதுவாரும் இலர், பெறுவாரும் இலர். ஒரு சிறு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கிற்குக் கூட ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. இலட்சம் கோழிகள் அடைபட்ட கொட்டகைக்கு அதுபோன்ற கட்டாயப் பார்வை ஏற்படவில்லை.

அமலாகாத சட்டத்தால் யாருக்கு நட்டம் என்பதை நெசவாளர் அறிவர். 1985-ஆம் ஆண்டின் கைத்தறி இரக ஒதுக்கீட்டுச் சட்டம் மீறப்படும் தறி ஒன்றுக்கு ரூ. 5,000 வரை அபராதமும் சிறையும் விதிக்கிறது. அமலாக்கத்திற்கென அலுவலரும் உண்டு. அப்படியிருந்தும் விசைத்தறிச் சரக்கு கைத்தறி என்ற பெயரில் சந்தைக்கு வரத்தான் செய்கிறது. ஐம்பது ரூபாய்ச் சட்டத்தின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? விதிப்படி இடம்விட்டு வளர்க்கும் உழவனே இங்கு விலையில் தோற்கிறான்.

வாரியம் வாளாவிருக்கவில்லை. பட்டினியிட்டு இறகுதிர்க்கச் செய்யும் வழக்கத்தை 2011-லேயே நிறுத்தச் சொல்லிற்று. பின்னர், இக்கூண்டுகள் சட்டத்திற்கு மாறானவை, 2017-க்குள் ஒழிக்கத்தக்கவை என்றும் மாநிலங்களுக்கு எழுதிற்று. அறிவுரை அறிவுரையாகவே நின்றது. 2017 ஜூலையில் சட்ட ஆணையம் தனது 269-ஆவது அறிக்கையில் இப்பொருளை ஆராய்ந்து வரைவு விதிகளும் தந்தது. மத்திய சர்க்கார் 2019-ல் வரைவும், 2023-ல் விதிகளும் வெளியிட்டது. கோழி ஒன்றுக்கு 550 சதுர சென்டிமீட்டர் என்பது அளவு. பழைய பண்ணைகளுக்குச் சில ஆண்டுகள் தவணை உண்டு. மேற்சொன்ன கூண்டுக் கணக்கில், நான்கு கோழி மூன்றாகும். அவ்வளவே! இது ஒரு பெரும் விடுதலை என்று யாரும் மயங்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் இதே 550 அளவுள்ள வெறுங்கூண்டை 2012 ஜனவரி 1 முதல் அடியோடு விலக்கிவிட்டது. அங்கும் பன்னிரண்டு ஆண்டுத் தவணைக்குப் பின்னரும் 13 நாடுகள் பின்தங்கி, நடவடிக்கைக்கு உள்ளாயின.

பண்ணையாளர் கூறுவதிலும் நியாயம் உண்டு. கூண்டில் கோழி எச்சத்தோடு புரளுவதில்லை, முட்டை மலிவாகிறது, மலிவான முட்டை ஏழைக் குழந்தையின் தட்டை அடைகிறது. நாலில் ஒரு கோழி குறைந்தால் கொட்டகைச் செலவு மீதிக் கோழிகளின் மேல் ஏறும். அச்சுமையைக் கடன்பட்ட சிறு பண்ணையாளர் மீது மட்டும் ஏற்றிவிட்டு நுகர்வோர் விலகி நிற்பது முறையன்று. மாறுதலுக்கு நீண்டகாலக் கடன் தர வேண்டிய பொறுப்பு கூட்டுறவு வங்கிகளைச் சாரும்.

காரைக்காலில் உள்ளோர் கூண்டை அளக்க இயலாவிடினும், கொள்முதலை அளக்கலாம். முட்டை வாங்கும் கூட்டுறவுப் பண்டகசாலைகளும் விடுதிகளும் விலைப்புள்ளிப் படிவத்தில் கூண்டின் நீள அகலத்தையும் அதிலுள்ள கோழிகளின் எண்ணிக்கையையும் விற்பவர் எழுதிக் கையொப்பமிடுமாறு கேட்கலாம். கொல்லைக் கோழி முட்டையைத் திரட்டி விற்க மகளிர் சங்கங்கள் முன்வரின், அதற்கு எடையும் விலையும் வகுத்து ஒரு பங்கு கொள்முதலை ஒதுக்கலாம். இதனைத் தீர்மானமாக்க விரும்பும் அங்கத்தினர், பொதுப்பேரவை அறிவிப்பு வெளியாகுமுன் தீர்மானத்தின் நகலை நிர்வாகக் குழுவிடம் எழுத்து மூலம் சேர்ப்பிப்பாராக.