தேறாத திரைக்கும் சேர்த்தே விலை

பொருளும் விலையும் – 11

சென்ற வாரம் மெமரி சிப்புகளின் விலை ஏன் ஏறி இறங்குகிறது என்று பார்த்தோம். இந்த வாரம், ஏறிய இடத்திலிருந்து லேசில் இறங்காத பொருள்: உயர்தரக் கணினித் திரை.

செங்கல்பட்டு கடைவீதியில் 24 அங்குல சாதாரண எல்.சி.டி. மானிட்டரைப் பத்தாயிரம் ரூபாய்க்குள் வாங்கிவிடலாம். மூன்றே அங்குலம் பெரிதாக ஓ.எல்.இ.டி. கேட்டால் பேச்சு அரை லட்சத்தை ஒட்டித் தொடங்கும். இத்தனைக்கும் ஜி.எஸ்.டி. சாலையில் பரனூரை ஒட்டியே மகிந்திரா வேர்ல்டு சிட்டி இருக்கிறது. தைவானின் பெகாட்ரான் நிறுவனம் 2022 செப்டம்பர் 30 அன்று அங்கே ஐபோன் ஆலையைத் திறந்தது. 2025 ஜனவரியில் பெகாட்ரானின் இந்தியக் கிளையில் 60 சதவீதப் பங்கு டாடா எலெக்ட்ரானிக்ஸ் கைக்கு வந்தது. உலகின் தேர்ந்த திரைகள் அந்த ஆலைக்குள் போகின்றன; ஒன்றுகூட அங்கே பிறப்பதில்லை. ஐபோனுக்கு ஓ.எல்.இ.டி. பேனல் கொடுப்பவை கொரியாவின் சாம்சங் டிஸ்ப்ளே, எல்.ஜி. டிஸ்ப்ளே, சீனாவின் பி.ஓ.இ. ஆகியவைதான். இங்கே நடப்பது கோக்கும் வேலை.

பத்துத் தூசு கணக்கு

4கே திரையில் 3,840 பெருக்கல் 2,160, அதாவது 82,94,400 புள்ளிகள். எல்.சி.டி. என்றால் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கூறுகள். மொத்தம் ஏறக்குறைய இரண்டரைக் கோடி. ஒவ்வொரு கூறுக்கும் அதை இயக்க ஒரு டிரான்சிஸ்டர். ஓ.எல்.இ.டி.யில் ஒன்று போதாது.

திரைகளைத் தனித்தனியாகச் செய்வதில்லை. 2,200க்கு 2,500 மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய கண்ணாடியில் படலம் படலமாகப் படியவைத்து, பிறகுதான் அறுக்கிறார்கள். இந்த அளவுக் கண்ணாடியில் 32 அங்குலத் திரை 18 கிடைக்கும். 55 அங்குலம் என்றால் 6. அதன் மேல் பத்து இடத்தில் தூசு விழுந்து கெட்டது என்று வையுங்கள். பதினெட்டாக அறுத்தால் குறைந்தது எட்டாவது பிழைக்கும். ஆறாக அறுத்தால் ஆறுமே போகலாம். செல்போன் அளவுக்கு நூற்றுக்கணக்கில் அறுத்தால் பத்து போவது பெரிய நட்டமில்லை. ஓ.எல்.இ.டி. முதலில் கைபேசியில் பரவி, மேசைக்கு வரத் தாமதமானதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாமல்லபுரம் ஐந்து ரதம் போகும் வழியில் உள்ள சிற்பப் பட்டறைகளிலும் இதே கணக்குதான். சாண் உயரப் பிள்ளையாரின் தும்பிக்கை உடைந்தால் வேறு கல் எடுத்துக்கொள்ளலாம். ஆளுயரச் சிலையில் மூக்கருகே விரிசல் கண்டால் அதுவரை போட்ட கூலியெல்லாம் போச்சு. ஆனால் ஸ்தபதிக்கு ஒரு வசதி உண்டு. உளி வைக்கும் முன்பே கல்லைத் தட்டி, எழும் நாதத்தை வைத்து ஊனம் அறிவார். திரை ஆலையில் இடையிடையே சோதனை உண்டு, லேசரால் பழுது பார்ப்பதும் உண்டு. ஆனாலும் எரியவிட்டுப் பார்க்கும்போதுதான் எது தேறியது என்று முழுசாகத் தெரியும். தேறாதவற்றின் செலவைத் தேறியவைதான் சுமக்க வேண்டும்.

இருபது ஆண்டு இழுபறி

கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் நடைமுறைக்கேற்ற ஓ.எல்.இ.டி.யைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது 1987இல். சோனி 11 அங்குல ஓ.எல்.இ.டி. டிவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது 2007இல். விலை 2 லட்சம் யென். ஓ.எல்.இ.டி.யில் ஒளிரும் கரிமப் பொருள் ஈரம் பட்டாலும் ஆக்சிஜன் பட்டாலும் கெட்டுவிடும். ஆகவே வெற்றிடத்தில் ஆவியாக்கி, நுண்துளைகள் கொண்ட உலோகத் தகட்டின் வழியே படியவைக்க வேண்டும். தகடு பெரிதானால் தொய்யும். தொய்ந்தால் நிறம் இடம் மாறி விழும். அந்த எந்திரங்களில் பெரும்பகுதியைச் செய்வது ஜப்பானின் கேனான் டோக்கி என்ற ஒரே நிறுவனம். எல்.ஜி. வெள்ளை ஒளியை வடிகட்டியும், சாம்சங் நீல ஒளியைக் குவாண்டம் துகள்களால் நிறம் மாற்றியும் இந்தத் தகட்டைத் தவிர்த்தன. சாம்சங்கின் அந்த வகை மானிட்டர் சந்தைக்கு வந்தது 2022இல்தான்.

முதலீட்டையும் பாருங்கள். லேப்டாப், டேப்லெட் ஓ.எல்.இ.டி.க்காகக் கொரியாவின் அசான் நகரில் 4.1 லட்சம் கோடி வோன் போடுவதாக 2023 ஏப்ரலில் சாம்சங் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் பி.ஓ.இ. செங்டு நகரில் 6,300 கோடி யுவான் என்றது. ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்தப் பணத்தின் தேய்மானம் ஓடும். முதல் சில ஆண்டுகளில் வாங்குபவர் தலையில்தான் அது விழுகிறது.

அப்படியானால் எல்.சி.டி. எப்படி இவ்வளவு மலிந்தது? சீனாவில் உள்ளூர் அரசுகளின் பணத்தோடு ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. தேவைக்கு மேல் பேனல் குவிந்தது. தாக்குப்பிடிக்க முடியாமல் 2022இல் சாம்சங் டிஸ்ப்ளே எல்.சி.டி.யையே கைவிட்டது. நாம் பத்தாயிரத்துக்கு வாங்கும் மானிட்டருக்குப் பின்னால் யாரோ பட்ட நட்டம் இருக்கிறது.

நம் ஊருக்கு வருமா?

2021 டிசம்பரில் மத்திய அரசு சிப், டிஸ்ப்ளே ஆலைகளுக்காக 76,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அடுத்த ஆண்டு திருத்திய விதிப்படி, டிஸ்ப்ளே ஆலைச் செலவில் பாதியை அரசே தரும் என்றானது. சிப் ஆலைகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. திரை ஆலை ஒன்றுகூட எழவில்லை. மானியம் மட்டும் போதாது என்பதற்கு அசானே சாட்சி. சாம்சங் ஆலை இருக்கும் அதே ஊரில் கார்னிங்கின் கண்ணாடி ஆலையும் இருக்கிறது. இவ்வளவு பெரிய மெல்லிய கண்ணாடியைக் கடல் தாண்டி அனுப்புவது பெரும்பாடு. தண்ணீரும் ஏராளமாக வேண்டும், அதுவும் மிகமிகத் தூய்மையாக. மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் இருக்கிறது. 2024இல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்றும் சேர்ந்தது. இரண்டுமே சென்னையின் தாகத்துக்கானவை.

நம் அரசின் கையில் உடனடியாக இருப்பது வரி. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. 128 ரூபாய் கொடுத்த இடத்தில் 118. லாபம்தான், ஆனால் மீதி 100 ரூபாய் நம் கையில் இல்லை. பரனூரில் இன்னும் எத்தனை லட்சம் போன் கோத்தாலும் அது குறையாது. அசானிலும் செங்டுவிலும் தேறும் திரைகள் கூடி, சாம்சங்கும் பி.ஓ.இ.யும் சந்தைக்காக மோதும்போதுதான் குறையும். அவசரமில்லாதவர்கள் அந்த மோதல் வரை பொறுக்கலாம்.

(அடுத்த வாரம்: பிரின்டர் மலிவு, மை ஏன் பொன்விலை?)