சைக்கிளுக்கும் இடம் விடுவோம்

பள்ளி விடும் நேரத்தில் தமிழகத்தின் எந்தச் சிற்றூர்ச் சாலைக்குப் போனாலும், அரசு தந்த விலையில்லா சைக்கிள்களில் பிள்ளைகள் கூட்டமாக மிதித்து வருவதைப் பார்க்கலாம். முதுகில் புத்தகப் பை, பின்கேரியரில் தோழி. அதே சாலையில்தான் மணல் லாரியும் மினி பஸ்ஸும் ஓடுகின்றன. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த உழைப்பைச் சைக்கிள் செலவில்லாமல் தருகிறது. ஆனால் பிள்ளை பத்திரமாக வீடு வந்து சேர்வது பெரும்பாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் கையில் இருக்கிறது.

ஓரமாகப் போகத் தெரியாதா?

ஹாரனை அழுத்திக்கொண்டே இப்படிக் கேட்பவர்கள், ஒருமுறை வண்டியை நிறுத்தி அந்த ஓரத்தைப் பார்க்க வேண்டும். தார் முடிகிற இடத்தில் பள்ளம், படிந்து கிடக்கும் மணல், உடைந்த பாட்டில், எதிர்த்திசையில் வரும் பைக். மணலில் ஏறினால் சக்கரம் சறுக்கும். தார் விளிம்பில் இறங்கினால் ஹேண்டில்பார் திரும்பிவிடும். அதனால்தான் சைக்கிளில் வருபவர் சற்று உள்ளே தள்ளி வருகிறார். பள்ளத்தைக் கண்டால் சட்டென்று வலப்பக்கம் ஒடிக்கிறார். போதாததற்கு, ஒட்டிக் கடக்கும் லாரியின் காற்றும் ஆளைத் தள்ளும்.

ஆகவே முந்தும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் விலகிப் போங்கள். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் சாலை விதிகளே இந்த அளவைச் சொல்கின்றன. அவ்வளவு இடம் இல்லையென்றால், கிடைக்கும்வரை பின்னாலேயே மெதுவாக வாருங்கள். ஹாரன் வேண்டாம், திடுக்கிட்ட பிள்ளை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வேகம் செய்யும் வேலை

60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆனால், பிரேக் பிடிக்கும் முன்பே 25 மீட்டர் கடந்திருக்கும். 30 கி.மீ. வேகத்தில் அது பன்னிரண்டரை மீட்டர்தான். மோதலின் ஆற்றலோ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. நடப்பவர்களும் சைக்கிள்களும் வண்டிகளும் கலந்து செல்லும் இடங்களில் உச்ச வேகம் 30 கி.மீ. ஆக இருக்க வேண்டும் என்று 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம் கேட்டது இதனால்தான். சைக்கிளில் செல்பவர் ஹெல்மெட் அணிவது அவசியமே. ஆனால் வேகமாக வரும் காரிடமிருந்து காப்பாற்ற அது மட்டும் போதாது.

இடப்பக்க ஆபத்து

நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வருவதில்லை. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஓட்டுநர் உயரத்தில், வலப்பக்கம் உட்கார்ந்திருப்பதால், இடப்பக்கம் ஒட்டி நிற்கும் சைக்கிள் அவர் கண்ணில் படாமலே போகலாம். சிக்னலில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடப்பக்கம் புகுந்து நிற்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால், நாமும் அவருக்குத் தெரியவில்லை.

ஓரமாக நிறுத்திய காரின் கதவும் சைக்கிள்காரரை வீழ்த்தும். ஓட்டுநர் கதவை இடக்கையால் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும். பின்னால் வருபவர் தெரிவார். நெதர்லாந்தில் பழகிப்போன இந்த வழக்கம் நமக்கும் வர வேண்டும். இரவில் சைக்கிளுக்குப் பின்விளக்கோ ரிஃப்ளெக்டரோ கட்டாயம் இருக்கட்டும்.

விழுந்துவிட்டால்

அடிபட்டவருக்குச் சோடா வாங்கிக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். நினைவு தப்பியவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், கொடுக்காதீர்கள். கழுத்தை அசைக்காமல், ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல், காதிலிருந்து நீர் அல்லது ரத்தம் வருவது ஆகியவை தலைக்காயத்தின் அறிகுறிகள்.

பெற்றோர் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஹேண்டில்பாரின் முனை வயிற்றில் குத்தினால், வெளியே சிராய்ப்புகூட இல்லாமல் மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்திருக்கலாம். விழுந்த பிள்ளைக்கு வயிற்றுவலி இருந்தாலோ முகம் வெளிறினாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

விபத்தைப் பார்த்தால் 108-ஐ அழையுங்கள். உதவி செய்பவர் தன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைப் பாதுகாக்கிறது. தமிழகச் சாலைகளில் அடிபடும் எவருக்கும், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.