வளராத கிருமியைத் தேடி

ஓர் உயிர் வாழ்வதற்கு இன்றியமையாத ஜீன் எதுவோ, அதை ஆராய்வதுதான் ஜீவசாஸ்திரத்தில் மிகவும் கடினமான காரியம். ஒரு ஜீனின் தொழில் இன்னதென்று அறிய, அதைப் பழுதாக்கிவிட்டு, அதனால் நேரும் குறையைக் கவனிப்பதே விஞ்ஞானிகள் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் முறை. ஆனால், டி.என்.ஏ.யைப் பிரதி எடுக்கும் ஜீனையோ, செல்லை இரண்டாகப் பிளக்கும் ஜீனையோ அவ்வாறு பழுதாக்கினால், கிருமி மாண்டுபோகிறதே தவிர, பரிசோதனைக்கு ஒன்றும் எஞ்சுவதில்லை.

இந்தச் சங்கடத்தைத் தீர்த்து வைத்தவை, உஷ்ணம் தாளாத பிறழ்வுகள். ஜீனில் நேர்ந்த ஒரு சிறு மாறுதலால் புரதத்தின் அமினோ அமிலம் ஒன்று மாறி, 30 டிகிரி செல்சியஸில் அந்தப் புரதம் ஒருவாறு தன் வேலையைச் செய்தும், 42 டிகிரிக்குச் சூடு ஏறியதும் உருக்குலைந்து செயலற்றும் போகுமானால், அத்தகைய ஜீவனைத் தணிந்த சூட்டில் வளர்த்துப் பெருக்கிக்கொள்ளவும், வேண்டிய தருணத்தில் சூட்டை உயர்த்தி எந்த வேலை நின்றுபோகிறதென்று பார்க்கவும் முடிகிறது. சயாமியப் பூனையின் உடல் வெளிறியும், காதும் மூக்கும் பாதமும் வாலும் கறுத்தும் இருப்பதற்குக் காரணம் இதுவேதான்: கருநிறத்தை உண்டாக்கும் அதன் என்ஸைம், உடலின் குளிர்ந்த ஓரங்களில் மட்டுமே வேலை செய்கிறது.

ஆனால் கோடிக்கணக்கான கிருமிகளுக்கு நடுவே இத்தகைய பிறழ்வு மிகவும் அபூர்வம். அதைத் தனியே பிரித்தெடுக்கத் துணை வந்தது, கிருமிகளைக் கொல்வதற்கென்றே பெயர் பெற்ற பெனிசிலின். 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெர்னார்ட் டேவிஸும், அவரைச் சாராமல் தனியே ஜோஷுவா லெடர்பெர்க்கும் நார்ட்டன் ஸிண்டரும், சத்துப்பொருள் ஒன்றைத் தாமே ஆக்கிக்கொள்ள இயலாத பாக்டீரியாக்களைப் பொறுக்கி எடுப்பதற்காக இந்த உபாயத்தைக் கண்டனர். பின்னர் அதே உபாயம் உஷ்ணம் தாளாதவற்றுக்கும் பயன்பட்டது.

பெனிசிலின் எல்லாக் கிருமியையும் கொல்வதன்று; வளரும் கிருமியைத்தான் கொல்கிறது. வீட்டுச் சுவரைச் சிறிது சிறிதாகப் பிரித்துப் புதுக் கல் வைத்துப் பூசி வீட்டைப் பெரிதாக்குகிறவனுடைய சாந்து பிடிக்காமல் போனால் வீடே சரிந்துவிடும். கட்டட வேலையையே நிறுத்தி வைத்திருப்பவனுக்கோ சாந்து கெட்டதனால் ஒரு நஷ்டமும் இல்லை. பாக்டீரியாவின் செல் சுவருக்குப் பெனிசிலின் செய்வதும் அதுவே.

ஆகவே, பிறழ்வை உண்டாக்கும் ரசாயனப் பொருள் ஒன்றில் ஈ. கோலை கிருமிகளைச் சிறிது நேரம் வைத்து, 30 டிகிரியில் சில தலைமுறைகள் பெருகவிட்டு, பிறகு 42 டிகிரிக்கு மாற்றி, உஷ்ணம் தாளாதவை வளர்ச்சி ஓய்ந்து நிற்கும் அளவுக்குக் காத்திருந்து, அதன் பின்பே பெனிசிலினைச் சேர்க்கிறார்கள். கலங்கலாக இருந்த திரவம், உள்ளிருந்த செல்கள் வெடித்துக் கரையக் கரைய, கண்ணெதிரே தெளிந்துவிடுகிறது. வளர முடிந்தவை எல்லாம் நாசமாக, வளர இயலாமற்போன சில மட்டும் அத்தெளிவில் உயிரோடு இருக்கின்றன. மருந்தைக் கழுவி நீக்கி, புது ஊட்டத்தில் 30 டிகிரியில் வைத்தால் அவை மறுபடி தழைக்கின்றன.

அதன் பிறகு லெடர்பெர்க் தம்பதியர் 1952இல் வெளியிட்ட முறை கைகொடுக்கிறது. தட்டில் முளைத்த கிருமிக் கூட்டங்களின் மேல் ஒரு வெல்வெட் துணியை ஒற்றி, அதே துணியை இரண்டு புதுத் தட்டுகளில் பதித்து, ஒன்றைத் தணிந்த சூட்டிலும் மற்றொன்றை மிகுந்த சூட்டிலும் வைத்தால், முதல் தட்டில் தோன்றி இரண்டாவதில் தோன்றாத புள்ளியே தேடிய பொருள். இவ்வளவு எளிய சாதனம் இவ்வளவு பெரிய பயனைத் தந்தது வேறெங்கும் உண்டா என்று நான் பலமுறை வியந்ததுண்டு.

ஈஸ்டின் செல் சுவர் வேறு வகையைச் சேர்ந்ததாகையால், அதனிடம் பெனிசிலின் பலிக்காது. அங்கே உதவுவது, எலிசபெத் ஹேஸனும் ரேச்சல் பிரௌனும் 1950இல் அறிவித்த நிஸ்டாட்டின். செல்லின் சவ்விலுள்ள எர்கோஸ்டெரால் என்னும் பொருளைப் பற்றிக்கொண்டு சவ்வைப் பொத்தலாக்கும் இம்மருந்தும், வளரும் செல்களையே அதிகமாகத் தாக்குவதால், 1966 முதல் ஈஸ்ட் பிறழ்வுகளைத் திரட்டப் பயன்பட்டு வருகிறது.

எனினும் இம்முறைக்கு ஒரு பாரபட்சம் உண்டு. அதை மறைத்து இதன் பெருமையை மட்டும் பேசுவது நியாயமாகாது. சூடு ஏறிய பின்னும் முன்பு சேர்த்து வைத்த புரதத்தைக்கொண்டு ஓரிரு தலைமுறை வளரும் பிறழ்வுகள் மருந்துக்கு இரையாகின்றன. சூட்டிலேயே இறந்துபோகிறவையும் கைக்கு வருவதில்லை. சீக்கிரம் ஓய்ந்து, ஓய்ந்த பின்னும் சாகாதிருப்பவையே மிஞ்சுகின்றன. மேலும், ஒரு பிறழ்வும் இன்றியே ஏதோ காரணத்தால் உறங்கிக் கிடக்கும் கிருமிகளும் தப்பிவிடுகின்றன என்பதை ஜோசப் பிகர் 1944இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். அதனால்தான் முழுப் பரிசோதனையையும் இரண்டு மூன்று முறை திரும்பச் செய்கிறார்கள்.

மருந்து கூட்டத்தைக் குறைத்துத் தருமே அன்றி, எந்த ஜீன் பழுது என்று சொல்லாது. அதற்கு மனிதக் கண்தான் வேண்டும். லேலண்ட் ஹார்ட்வெல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், 23 டிகிரியில் வளர்ந்து 36 டிகிரியில் நின்றுவிடும் ஈஸ்ட் பிறழ்வுகளை நுண்ணோக்கியின் வழியே படம்பிடித்துப் பார்த்து, எல்லாச் செல்களும் ஒரே வடிவத்தில் நின்றுபோனவற்றைத் தேர்ந்து, செல் பிரிவை நடத்தும் ஜீன்களை இனங்கண்டார். 2001ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கும் பால் நர்ஸுக்கும் டிம் ஹண்டுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்த ஜீன்களில் பலவற்றுக்கு மனிதச் செல்லிலும் இணைகள் இருக்கின்றன.