புதன்கிழமை ராத்திரியும் கோழி ஆக்கலாம் – அரை மணி நேரம் போதும்!



நம் வீடுகளில் கோழிக்கறி என்றால் ஞாயிற்றுக்கிழமைதான். காலையிலேயே கடைக்கு ஆள் அனுப்பி, மசாலா வறுத்து அரைத்து, குழம்பு ஒன்று, வறுவல் ஒன்று என்று செய்து முடிக்க மதியம் ஆகிவிடும். மற்ற நாட்களில் ராத்திரிச் சாப்பாடு எப்படி? களை எடுத்துவிட்டு வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறோம். கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கும்போதே மணி ஏழு. பிள்ளைங்க பசியோடு வாசலில் நிற்கும். மதியச் சோறு, ரசம், தொட்டுக்க அப்பளம். இல்லையென்றால் கடையில் ஒரு சிப்ஸ் பாக்கெட். அதோடு தூங்கப் போய்விடுகிறார்கள்.

"வேலை நாள்ல கோழி ஆக்க நேரம் ஏது?" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். வாரத்தில் ஒரு வேலை நாளில், அரை மணி நேரத்தில், பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடும்படி கோழி சமைப்பது எப்படி என்று இந்த இதழில் பார்ப்போம். நாள் கிழமை பார்க்கிற வீடுகளிலும் புதன்கிழமை பெரும்பாலும் தடையிருக்காது. ஞாயிறுக்கும் ஞாயிறுக்கும் நடுவில் வருவதால் அதுவே வசதியான நாள்.

ராத்திரிச் சாப்பாடு ஏன் முக்கியம்?

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டம் 2022-ல் தொடங்கியது. மதியம் சத்துணவில் முட்டை கிடைக்கிறது. ஆக, பள்ளி நாட்களில் நம் பொறுப்பில் இருப்பது ராத்திரிச் சாப்பாடுதான்.

ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 23 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. எலும்பு இல்லாத கோழிக்கறி 50 கிராமில் 10 கிராம் கிடைக்கும். 50 கிராம் என்பது மூன்று நான்கு சின்னத் துண்டுகள்தான். ரசம் சோறும் அப்பளமும் வயிற்றை நிரப்பும். தசை வளர அது போதாது.

இன்னொன்று ரத்தச்சோகை. 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு ரத்தச்சோகை இருந்தது. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இருந்தது. நம் குழுவில் 20 பேர் உட்கார்ந்தால் அதில் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோழிச் சதையில் இரும்புச்சத்து குறைவுதான். ஆனால் கீரை, பருப்பு, கேழ்வரகில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள கறி உதவி செய்கிறது. கோழி ஈரலில் இரும்புச்சத்து நிறைய இருக்கிறது.

காசுக்கு எங்கே போவது?

நாம் சேமிப்புக் கணக்கு எழுதுகிறவர்கள். இதையும் எழுதிப் பார்ப்போம். இரண்டு பிள்ளைக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் பாக்கெட் என்றால் ஒரு நாளைக்கு 20 ரூபாய். வாரத்துக்கு 140 ரூபாய். கறி விலை ஏறும், இறங்கும். ஆனாலும் அரை கிலோ பிராய்லர் கறிக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி இதிலேயே வந்துவிடும். பாக்கெட்டில் இருப்பது உப்பும் எண்ணெயும் மாவும். பாதி நாளாவது பாக்கெட்டை நிறுத்திப் பாருங்கள்.

தெருவில் இரண்டு மூன்று உறுப்பினர்கள் சேர்ந்து ஒரு முழுக்கோழி வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளலாம். கடைக்காரரிடம் ஈரலைக் கேட்டு வாங்குங்கள்.

காலையிலேயே செய்து வைக்க வேண்டியவை

1. சின்ன வெங்காயத்தை முதல் நாள் ராத்திரி டிவி பார்க்கும்போதே உரித்து வைத்துவிடுங்கள். நேரம் பிடிக்கிற வேலையே இதுதான்.

2. ஞாயிறு அன்று இஞ்சி பூண்டு விழுதைக் கொஞ்சம் கூடுதலாக அரைத்து, உப்பும் எண்ணெயும் கலந்து, ஈரமில்லாத பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் புதன் வரை வரும். ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் அன்றன்றைக்குத் தட்டிப் போடுவதே நல்லது.

3. கறியைச் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது வாங்குங்கள். "சின்னத் துண்டா போடுங்க" என்று கேளுங்கள். துண்டு சின்னதாக இருந்தால் வேகும் நேரம் பாதியாகக் குறையும். நாட்டுக்கோழி வேக நேரமாகும். அது ஞாயிறுக்கு. வேலை நாளுக்கு பிராய்லர்தான் வசதி.

இனி சமையலுக்கு வருவோம். கீழே உள்ள அளவு நான்கு பேருக்கு. அம்மாவையும் சேர்த்துத்தான் நான்கு பேர்!

பள்ளிபாளையம் சிக்கன்

ஈரோட்டுக்குப் பக்கத்தில் காவிரிக்கு அந்தக் கரையில் இருக்கிற பள்ளிபாளையத்தின் பெயரால் வழங்கும் வறுவல் இது. இதற்கு மசாலா அரைக்க வேண்டாம், மிளகாய்த்தூள் வேண்டாம். வேலை நாளுக்கு இதைவிட நல்ல கோழி கிடையாது.

அரை கிலோ கறி, உரித்த சின்ன வெங்காயம் இரண்டு கைப்பிடி, பூண்டு பத்துப் பல், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு, பல்லு பல்லாக நறுக்கிய தேங்காய் ஒரு கைப்பிடி, நல்லெண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக வரமிளகாயை அள்ளிப் போடுவார்கள். பிள்ளைகளுக்கு நான்கு போதும். கிள்ளி, விதையை உதறிவிட்டுப் போடுங்கள். நிறமும் வாசனையும் இருக்கும், காரம் இருக்காது.

எண்ணெயில் மிளகாய், வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை வதக்கி, கறி, மஞ்சள்தூள், உப்பு போட்டுப் பிரட்டுங்கள். ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி வையுங்கள். நடுவில் இரண்டு தடவை கிளறி விடுங்கள். 15 நிமிஷத்தில் வெந்துவிடும். தேங்காயைப் போட்டு, மூடாமல் ஐந்து நிமிஷம் சுண்ட விட்டு இறக்குங்கள். ரசம் சோற்றுக்கு இது போதும், வேறு ஒன்றும் வேண்டாம்.

குக்கர் கோழிச்சோறு

பச்சரிசி அல்லது சீரகச் சம்பா இரண்டு டம்ளர் எடுத்து, கழுவி ஊற வைத்துவிட்டு மற்ற வேலையை ஆரம்பியுங்கள். குக்கரில் எண்ணெய் விட்டு பட்டை, கிராம்பு, வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, இரண்டு தக்காளி வதக்குங்கள். அரை கிலோ கறி, ஒரு கரண்டி தயிர், அரை ஸ்பூன் மிளகாய்த்தூள், புதினா, மல்லித்தழை, உப்பு போட்டு ஐந்து நிமிஷம் பிரட்டுங்கள். பொடியாக நறுக்கிய கேரட், பீன்ஸ் சேர்த்தால் தனியாகக் காய் செய்ய வேண்டாம். அரிசியை வடித்துப் போட்டு மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். இரண்டு விசில் வந்ததும் அணைத்து, ஆவி தானாக அடங்க விடுங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துவிடலாம்.

கோழி மிளகு ரசம்

சளி பிடித்த பிள்ளைக்கும், சோறே வேண்டாம் என்று அடம் பிடிக்கிற பிள்ளைக்கும் ஏற்றது. கால் கிலோ எலும்பும் கறியும் போதும். மிளகு ஒரு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், பூண்டு ஆறு பல், சின்ன வெங்காயம் எட்டு எல்லாவற்றையும் அம்மியில் தட்டிக்கொள்ளுங்கள். ஒரு தக்காளி, மஞ்சள்தூள், உப்பு, நான்கு டம்ளர் தண்ணீரோடு குக்கரில் போட்டு நான்கு விசில் விடுங்கள். சின்னப் பிள்ளைக்கு மிளகைப் பாதியாகக் குறையுங்கள்.

ஒரு விஷயம் கவனியுங்கள். "சத்தெல்லாம் சாறுல இறங்கிடும்" என்று சொல்லி, பிள்ளைக்குச் சாறு மட்டும் கொடுப்பது நம்மிடம் உள்ள பழக்கம். புரதத்தில் பெரும்பகுதி கறியில்தான் நிற்கும். கறியைப் பிய்த்து, சாறு விட்ட சோற்றில் பிசைந்து ஊட்டுங்கள்.

ஈரல் பிரட்டல்

பத்து நிமிஷ வேலை. ஈரலைச் சின்னதாக நறுக்கி, வெங்காயம் வதக்கி, மஞ்சள், உப்பு, மிளகுத்தூள் போட்டுப் பிரட்டுங்கள். நடுவில் சிவப்பு தெரியாத அளவுக்கு வேக வேண்டும். இறக்கி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். புளிப்பு, இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அந்தப் பலன் குறையும். பிள்ளைக்கு வாரம் ஒரு தடவை, இரண்டு துண்டு போதும். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலைச் செவிலியரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

இரண்டு ருசி, ஒரே சட்டி

வீட்டுப் பெரியவர்களுக்குக் காரம் வேண்டும், பிள்ளைகளுக்கு ஆகாது. அதற்காக இரண்டு தடவை சமைக்க வேண்டாம். காரம் குறைவாகவே செய்து, வெந்ததும் பிள்ளைகள் பங்கை எடுத்து வைத்துவிட்டு, மீதியில் மிளகாய்த்தூளோ மிளகுத்தூளோ போட்டு இரண்டு நிமிஷம் பிரட்டுங்கள்.

கவனம் தேவை

• குழாயைத் திறந்துவிட்டு அதன் அடியில் கறியைக் கழுவாதீர்கள். தண்ணீர் தெறித்து கிருமி பரவும். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து மெதுவாக அலசுங்கள். கறி தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள்.

• கறி வெட்டிய கத்தியில், அரிவாள்மனையில் அப்படியே வெங்காயம், வெள்ளரிக்காய் நறுக்க வேண்டாம்.

• எலும்பை ஒட்டிய இடத்தில் சிவப்பு தெரிந்தால் இன்னும் ஐந்து நிமிஷம் வேக விடுங்கள்.

• ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் அன்றைக்கு ஆக்கியதை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

• ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு எலும்போடு கொடுக்காதீர்கள். பிய்த்துக் கொடுங்கள். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கும் நன்றாக வெந்த கறியை மசித்துச் சோற்றில் கலந்து ஊட்டலாம்.

உறுப்பினர்கள் கேட்கும் கேள்வி

"பிராய்லர் ஊசி போட்டு வளர்த்த கோழியாமே, பொம்பளைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?"

கொடுக்கலாம். பிராய்லர் வேகமாக வளர்வது இனத்தாலும் தீவனத்தாலும்தான். வளர்ச்சிக்கு ஹார்மோன் ஊசி போடுவதில்லை. நோய் வராமல் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். அது நம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது மாதிரி. கவலைப்பட வேண்டியது தேவையில்லாமல் தரப்படும் கிருமிக்கொல்லி மருந்துகளைப் பற்றித்தான். அப்படிப்பட்ட மருந்துகளில் ஒன்றான கோலிஸ்டினைக் கோழிகளுக்கும் தீவனத்திலும் பயன்படுத்த மத்திய அரசு 2019-ல் தடை விதித்தது. நம் குழுக்களில் கோழி வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவர் சொல்லாமல் மருந்து கலக்க வேண்டாம்.

யார் தட்டில் எந்தத் துண்டு?

கடைசியாக, மனசைத் தொட்டுப் பார்க்க வேண்டிய விஷயம். கால் துண்டு பையனுக்கு. நெஞ்சுக்கறி வீட்டுக்காரருக்கு. பெண் பிள்ளைக்குக் கழுத்தும் இறக்கையும். நமக்கு? சட்டியில் ஒட்டிய குழம்பில் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டு எழுந்துவிடுகிறோம்.

இரும்புச்சத்துக் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் போதும். பெண்ணுக்கு 29 வேண்டும். பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு 16, அதே வயதுப் பெண்ணுக்கு 28. மாதாமாதம் ரத்தம் போகிற உடம்பு நம்முடையது, நம் மகளுடையது. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாக விழுகிறது.

அதனால் சட்டியை இறக்கியதும் நேராகப் பரிமாறாதீர்கள். முதலில் தலைக்கு இத்தனை துண்டு என்று எண்ணி, எல்லோர் தட்டிலும் வைத்துவிடுங்கள். உங்கள் தட்டையும் சேர்த்து வையுங்கள். முடிந்தால் பிள்ளைகளோடு சேர்ந்தே உட்கார்ந்து சாப்பிடுங்கள். அம்மா தட்டிலும் கறி இருப்பதைப் பார்த்து வளர்கிற பையன், நாளைக்குத் தன் வீட்டிலும் அப்படியே பங்கு வைப்பான்.

வருகிற புதன்கிழமை ஒரு வகை செய்து பாருங்கள். எத்தனை நிமிஷம் ஆச்சு, பிள்ளைங்க எதை விரும்பிச் சாப்பிட்டார்கள், உங்கள் தட்டில் எத்தனை துண்டு விழுந்தது, மூன்றையும் அடுத்த குழுக் கூட்டத்தில் சொல்லுங்கள். எல்லோரும் பேசுவோம்.