8,499 ரூபாய் 5ஜி போன்: எங்கே கை வைத்திருக்கிறார்கள்?

நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 319 ரூபாய். அந்த ஆண்டு நவம்பரில் விற்பனைக்கு வந்த ரெட்மி ஏ4 5ஜி போனின் தொடக்க விலை 8,499 ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 27 நாள் கூலி. அந்த வருஷம் நூறு நாளும் முழுசாக வேலை கிடைத்திருந்தால்கூட, அதில் கால்வாசிக்கு மேல் ஒரு போனுக்கே போயிருக்கும்.

ஐம்பதாயிரம் ரூபாய்க்கு போன் வாங்குகிறவர், பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருஷம் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள்வார். 8,499 ரூபாயைச் சேர்த்துவைத்து வாங்குகிறவருக்கு அந்த வசதி இல்லை. மூன்று வருஷமோ நான்கு வருஷமோ அதை வைத்துத்தான் ஓட்டியாக வேண்டும். கேஸ் புக்கிங், மகளின் ஆன்லைன் வகுப்பு, கடையில் ஜிபே, வங்கியின் ஓடிபி என எல்லாம் அந்த ஒரு போனில்தான். அதனால் விலை குறைந்த போனைத்தான் அதிகம் அலச வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் விலை உயர்ந்த போன்களுக்கு மணிக்கணக்கில் அலசல் கிடைக்கிறது. இவற்றுக்கு "இந்தக் காசுக்கு இது போதும்" என்ற ஒற்றை வரிதான்.

ஏ4 5ஜியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. குவால்காம் நிறுவனம் 2024 ஜூலையில் அறிமுகப்படுத்திய ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2 என்ற சிப், விலை குறைந்த 5ஜி போன்களுக்கென்றே உருவானது. அக்டோபரில் டெல்லியில் நடந்த இந்தியா மொபைல் காங்கிரஸில் அந்தச் சிப்புடன் இந்த போனைக் காட்டினார்கள். பத்தாயிரத்துக்குள் 5ஜி என்பதுதான் இதன் விளம்பரமே. அந்த வாக்குறுதியில் எவ்வளவு உண்மை, எவ்வளவு இடைவெளி என்பது இந்த ஒரு போனிலேயே தெளிவாகத் தெரிகிறது.

முதலில் விலையைப் பிரித்துப் பார்ப்போம். செல்போனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 2020 ஏப்ரலுக்கு முன் 12 ஆக இருந்தது. 8,499-ல் சுமார் 1,296 ரூபாய் வரிக்கே போகிறது. மிச்சம் 7,200 சொச்சம். திரை, பேட்டரி, கேமரா, சிப், சார்ஜர், பெட்டி, லாரி வாடகை, கடைக்காரரின் கமிஷன், கம்பெனியின் லாபம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். எங்காவது கை வைக்காமல் முடியாது. கை வைத்த இடம் நமக்குத் தேவைப்படாத இடமா, அன்றாடம் வலிக்கப்போகிற இடமா என்பதுதான் கேள்வி.

கை வைக்காத இடங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் முக்கியமானது சிப். அதே 2024 பிப்ரவரியில் 7,299 ரூபாய்க்கு வந்த ரெட்மி ஏ3-ல் இருந்தது ஹீலியோ ஜி36. அதன் எட்டு கோர்களும் கார்டெக்ஸ் ஏ53 என்ற பழைய வகை. வேலை நடக்கும், ஆனால் மெதுவாக. ஏ4-ன் சிப்பில் ஏ78 என்ற வலுவான கோர்கள் இரண்டு இருக்கின்றன, மற்ற ஆறும் ஏ55. ஒரு ஆப்பைத் தொட்டதும் அது திறக்க ஆகும் நேரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த இரண்டு கோர்கள்தான். கூடவே சேமிப்பகமும் யுஎஃப்எஸ் 2.2. ஏ3 போன்ற போன்களில் இருக்கும் இஎம்எம்சி வகையைவிட இது பல மடங்கு வேகமாகத் தகவலை எடுத்துக் கொடுக்கும். பெட்டியின் மேல் யாரும் பெரிதாக அச்சிடாத விவரம் இது. ஒரு போன் இரண்டாவது வருஷத்தில் திணறுமா, தாக்குப்பிடிக்குமா என்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. 1,200 ரூபாய் வித்தியாசத்தில் இந்த இரண்டும் கிடைப்பதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

பேட்டரி 5,160 எம்ஏஎச். திரையில் புள்ளிகள் குறைவு, சிப்பும் 4 நானோமீட்டர் நுட்பத்தில் தயாரானது என்பதால் சாதாரணமாகப் பயன்படுத்துகிறவருக்கு ஒருநாள் தாராளமாக ஓடும். பெட்டிக்குள்ளேயே சார்ஜர் வைத்திருக்கிறார்கள். விலை உயர்ந்த போன்கள் பலவற்றில் இன்று அது கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சார்ஜர் 33 வாட், போன் ஏற்றுக்கொள்வது 18 வாட் மட்டுமே. 33 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் நிறைந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பழைய இயர்போனைச் செருகும் 3.5 எம்எம் துளை, மெமரி கார்டு வசதி, பக்கவாட்டில் கைரேகை பட்டன் ஆகியவையும் இருக்கின்றன. கழுத்தில் இயர்போன் தொங்க வேலை செய்கிற தையற்கடைப் பெண்களிடம் கேளுங்கள், அந்த 3.5 எம்எம் துளையின் அருமையைச் சொல்வார்கள்.

திரை 6.88 அங்குலம். கண் மங்கிய அம்மாவுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்க இது நல்ல அளவு. ஆனால் கூர்மை எச்டி பிளஸ், அதாவது 1640க்கு 720 புள்ளிகள்தான். யூடியூபில் சீரியல் பார்க்க ஒரு குறையும் தெரியாது. பத்திரிகையின் இ-பேப்பரைத் திறந்து பெரிதாக்காமல் படிக்கப் பார்த்தால் தெரியும்: மெய்யெழுத்தின் புள்ளியும் இகரத்தின் மேல்விலங்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 120 ஹெர்ட்ஸ் என்று விளம்பரத்தில் போடுவது, திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு. விரலால் தள்ளும்போது வழுக்கிக்கொண்டு போகும், அவ்வளவே. அதற்குப் பதில் வெளிச்சத்தைக் கூட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதிகபட்சமே 600 நிட்ஸ்தான். உச்சிவெயிலில் மேப் பார்த்து வண்டி ஓட்டும் டெலிவரி ஊழியர், கையால் நிழல் கட்டித்தான் வழி பார்க்க வேண்டியிருக்கும்.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பின்பக்க வட்டம் பெரிது, உருப்படியான கேமரா ஒன்றுதான். 50 மெகாபிக்சல் என்பது நான்கு நான்கு புள்ளிகளைச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத் தரும் ஏற்பாடு. பகலில் பாஸ்புக், ஆதார், பிள்ளையின் நோட்டுப் புத்தகம் எல்லாம் தெளிவாக விழும். கோயில் திருவிழாவில் இரவு நேரத்துச் சப்பரத்தை எடுக்க ஆசைப்பட்டால் ஏமாற்றம்தான். கை நடுக்கத்தை லென்ஸே தாங்கும் வசதி இந்த விலையில் கிடையாது.

இனி போனின் பெயரிலேயே இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் நாட்டில் 5ஜி சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. ஜியோவும் ஏர்டெலும் இரண்டு வெவ்வேறு வழியில் போயின. ஜியோ அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கிய ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வாங்கி, 5ஜிக்கென்று தனிக் கட்டமைப்பையே எழுப்பியது. அதற்கு எஸ்ஏ என்று பெயர். ஏர்டெல், இருக்கிற 4ஜி கட்டமைப்பின் மேல் 5ஜியை ஏற்றியது; அது என்எஸ்ஏ. கீழ்வீட்டின் மோட்டாரிலும் தொட்டியிலும் குழாய் இழுத்துக்கொண்ட மாடிவீடு மாதிரி. தண்ணீர் வரும், ஆனால் கீழ்வீட்டு இணைப்பு இல்லாமல் வராது. போனும் ஒரே நேரத்தில் 4ஜி, 5ஜி இரண்டு இணைப்பையும் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கான வசதியில்தான் ரெட்மி ஏ4 5ஜியில் கை வைத்திருக்கிறார்கள். எஸ்ஏ மட்டும்தான் எடுக்கும். ஆக, ஏர்டெலின் என்எஸ்ஏ 5ஜி இதில் கிடைக்காது. என்எஸ்ஏ மட்டும் உள்ள இடத்தில் ஏர்டெல் சிம் போட்டால் இது 4ஜி போன்.

வெளியானபோதே தொழில்நுட்பச் செய்தியாளர்கள் இதை எழுதினார்கள். ஆனால் இந்த விலையில் போன் வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்? கடையில் நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

"தம்பி, இதுல 5ஜி எடுக்குமா?"

"நீங்க என்ன சிம்முக்கா வெச்சிருக்கீங்க?"

"ஏர்டெல்தான். வீட்டுல எல்லாருக்கும் அதான்."

"அப்ப 4ஜிதான் ஓடும்க்கா. ஜியோன்னா 5ஜி எடுக்கும்."

"பெட்டியில 5ஜின்னு போட்டிருக்கே?"

இந்தக் கடைசிக் கேள்விக்குக் கடைக்காரத் தம்பியிடம் பதில் இல்லை. அது அவர் சொல்ல வேண்டிய பதிலும் இல்லை. இதில் சிம் எது என்று முதலில் கேட்ட தம்பி நல்ல பிள்ளை. அப்படிக் கேட்காமல் பில் போடுகிறவர்களும் உண்டு. ஆன்லைனில் வாங்கினால் கேட்கவே ஆள் இல்லை. பல எழுத்துகளையும் எண்களையும் வரிசையாக அடுக்கிய அலைவரிசைப் பட்டியல் ஒன்று பக்கத்தின் அடியில் இருக்கும். அதைப் படித்து விஷயத்தைப் புரிந்துகொள்ளும் பொறுப்பை, முதல் ஸ்மார்ட்போன் வாங்குகிற ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஏர்டெலும் எஸ்ஏ முறைக்கு நகர நகர நிலைமை மாறும். ஆனால் பணம் கொடுக்கிற நாளில் எது வேலை செய்கிறதோ அதற்குத்தான் அவர் பணம் கொடுக்கிறார்.

ஜியோ சிம் வைத்திருப்பவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிறகு, அளவில்லா 5ஜி பிளானோடு சேர்ந்தே வர வேண்டுமென்றால் தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பிளான் போட வேண்டும் என்றானது. அந்த உயர்வில் 28 நாளுக்கான 2 ஜிபி பிளான் 349 ரூபாய் ஆனது. 28 நாளுக்கு ஒருமுறை என்றால் வருஷத்துக்கு 13 ரீசார்ஜ், 4,537 ரூபாய். போன் விலையில் பாதிக்கு மேல். தினம் 1.5 ஜிபி தந்த அப்போதைய 299 ரூபாய் பிளானில் அளவில்லா 5ஜி சேர்ந்திருக்கவில்லை. ஆகவே 5ஜி போன் வாங்கலாமா என்று யோசிக்கும்போது, மாதா மாதம் எவ்வளவு போட முடியும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். கடையில் அதை யாரும் நினைவூட்டுவதில்லை.

இதைவிடத் தினசரி வலிக்கப்போகிற இடம் ஒன்று இருக்கிறது: 8,499 ரூபாய் போனின் 64 ஜிபி சேமிப்பகம். ஆண்ட்ராய்டும் கம்பெனி ஏற்றித் தரும் ஆப்களும் அதில் ஒரு பெரிய பகுதியை முதல் நாளே எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் வாட்ஸ்அப்தான் ராஜா. குடும்பக் குழு, தெருக் குழு, பள்ளிக் குழு, மகளிர் சுயஉதவிக் குழு என்று ஒவ்வொன்றிலும் காலை வணக்கப் படமும் கல்யாண வீடியோவும் வந்து குவியும். மெமரி கார்டு போடலாமே என்று தோன்றும். ஆனால் வாட்ஸ்அப்பையோ அது இறக்கும் கோப்புகளையோ நேரடியாகக் கார்டில் வைக்க முடியாது. படங்களையும் வீடியோக்களையும் நாமே எடுத்து மாற்றாதவரை எல்லாம் உள் சேமிப்பகத்தில்தான் தங்கும். ஒன்றரை வருஷத்தில் "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று வர ஆரம்பிக்கும், அப்புறம் வங்கி ஆப்பை அப்டேட் செய்யக்கூட இடம் இருக்காது. பணம் அனுப்பும் அவசரத்தில்தான் அது தெரியவரும். 128 ஜிபி உள்ள அதே போனின் தொடக்க விலை 9,499. இந்த போனுக்காகச் செலவழிக்கும் தொகையில் மிக உபயோகமான ஆயிரம் ரூபாய் அந்தக் கூடுதல் ஆயிரம்தான் என்பேன். ஒரு மாதம் பொறுத்தாவது 128-ஐ வாங்குங்கள்.

ராம் 4 ஜிபி. அதோடு இன்னும் நாலு ஜிபி "விர்ச்சுவல் ராம்" சேர்த்து 8 என்று விளம்பரப்படுத்தும் வழக்கம் இந்த விலைப் போன்களில் இருக்கிறது. அது சேமிப்பகத்தில் ஒரு பகுதியை ராம் போலப் பயன்படுத்தும் ஏற்பாடு. அசல் ராமின் வேகம் அதற்கு வராது. ஏற்கெனவே குறைவான இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளவும் செய்யும். 4 என்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து ஆப்களுக்குள் மாறி மாறிப் போனால், முதலில் திறந்தது மறுபடி ஆரம்பத்திலிருந்து திறக்கும்.

மென்பொருளில் நல்லதும் கெட்டதும் கலந்திருக்கிறது. கேட்காத ஆப்களும் பரிந்துரை என்ற பெயரில் விளம்பரங்களும் வரும். வாங்கிய அன்றே அரை மணி நேரம் உட்கார்ந்து, வேண்டாதவற்றை நீக்கி, செட்டிங்ஸில் பரிந்துரைகளை அணைத்துவிட்டுப் பெற்றோர் கையில் கொடுங்கள். ஏதோ ஒரு விளம்பரத்தைத் தொட்டு வேண்டாத ஆப்பை இறக்கிவிடும் ஆபத்து பெரிதும் குறையும். இன்னொரு பக்கம், இரண்டு ஆண்ட்ராய்டு மேம்படுத்தல்களும் நான்கு வருஷப் பாதுகாப்பு அப்டேட்டும் தருவதாகக் கம்பெனி சொல்லியிருக்கிறது. வங்கிக் கணக்கே போனில் இருக்கும்போது, இந்த விலையில் நான்கு வருஷம் என்பது மெச்சத்தக்க விஷயம். சொன்னபடி தந்தால், கேமராவைவிட இதற்கே நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

ஜியோ சிம், 128 ஜிபி, 2 ஜிபி பிளான் போடத் தெம்பு என்ற மூன்றும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். ஏர்டெல் சிம்மை மாற்ற விருப்பமில்லாதவர், 5ஜிதான் வேண்டும் என்றால், இன்னும் ஒன்றிரண்டாயிரம் சேர்த்து என்எஸ்ஏ-வும் எடுக்கும் போனைப் பார்ப்பது நல்லது. 4ஜியே போதும் என்பவருக்கு, பெயரில் உள்ள 5ஜியை மறந்துவிட்டுப் பார்த்தால், வேகமும் பேட்டரியும் உள்ள உருப்படியான போன் இது. இரண்டு சிம்மோடு மெமரி கார்டும் வேண்டும் என்கிறவர்கள், எந்த போனானாலும் சிம் தட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வாங்கவும். இரண்டாவது சிம்மின் இடத்திலேயே கார்டையும் போடும்படி சில போன்களில் அமைத்துவிடுகிறார்கள்.

ஃபிரிட்ஜில் எத்தனை நட்சத்திரம் என்று பார்த்து வாங்கப் பழகியிருக்கிறோம். போன்களைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்பதற்கும் அப்படியொரு மதிப்பெண் கொண்டுவர, மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2024-ல் ஒரு குழு அமைத்தது. 2025 மே மாதம் அக்குழு அறிக்கையும் கொடுத்துவிட்டது. அந்த மதிப்பெண் பெட்டிமேல் வரும் நாளில், பக்கத்தில் இன்னும் இரண்டு வரிகளையும் கட்டாயமாக்க வேண்டும். எந்தெந்த நிறுவனத்தின் 5ஜி இதில் எடுக்கும் என்பது ஒன்று. முதல் நாள் உண்மையில் எத்தனை ஜிபி காலியாக இருக்கும் என்பது இன்னொன்று. தமிழிலும் அச்சிட வேண்டும், 50 மெகாபிக்சல் என்பதை அச்சிடுகிற அதே அளவு எழுத்தில்.